நெல்லித்தோப்பில் ஒரு பனிமலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, கனவு பலித்தது, சாமி வந்து காதில் சொன்னது, இந்தக் கதையெல்லாம் என்னிடம் எடுபடாது. நான் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். மழை ஏன் பெய்கிறது, மலை ஏன் சரிகிறது என்று கேட்டால் காரணம் சொல்வேன், காரணம் இல்லாத எதையாவது யாராவது சொன்னால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுவேன். எங்கள் வீடு வேதக்கார வீடுதான், ஆனால் நான் கோவிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் மனசுக்குள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

இது நடந்தது செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த சமயம், இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. என் மனைவி ஜெசிந்தாவுக்கு ஒரே தம்பி, வின்சென்ட். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்து ஆளாக்கியது இவள்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் தம்பியும் அவனே, பிள்ளையும் அவனே. சிவில் டிப்ளமோ முடித்த பையன் இங்கேயே அரியாங்குப்பம் பக்கம் வீடு கட்டிக் கொடுத்துப் பிழைத்திருக்கலாம். அவன் என்னடா என்றால் அருணாச்சலப் பிரதேசத்தில், திபெத் எல்லையில், தவாங் பக்கம் ரோடு போடும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தான். அவள் அழுதாள். நான் ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் வகுப்பில் நான் வாயால் மட்டும் ஏறின இமயமலையில் நிஜமாக ஏறப்போகிற ஆள் என் வீட்டில் ஒருத்தன் இருக்கிறான்.

லீவில் வந்தால் சாப்பாடு ஆறிப்போகும், அவன் பேச்சு ஓயாது. சேலா கணவாய் ஏறக்குறைய பதினாலாயிரம் அடி உயரம், அதைத் தாண்டினால்தான் தவாங். அங்கே மோன்பா என்று ஒரு ஜனம், யாக் என்கிற சடைமாட்டின் ரோமத்தில் தொப்பி செய்து போட்டுக்கொள்வார்கள், தொப்பி ஓரத்தில் எலிவால் மாதிரி வால்வாலாகத் தொங்கும், மழைத்தண்ணீர் முகத்தில் வழியாமல் அந்த வால் வழியாக இறங்கிவிடும். வழியில் கல் ஸ்தூபி வந்தால் அது வலதுகைப் பக்கம் இருக்கும்படிதான் கடந்து போவார்கள், அவனுடைய ஜீப் டிரைவர் தோர்ஜி ஜீப்பைக்கூட அப்படித்தான் சுற்றி ஓட்டுவானாம். அந்தக் காலத்தில் திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் இறங்கி, கீழேயிருந்து அரிசி ஏறின பாதை அது, அறுபத்திரண்டு சண்டையில் சீனப்படை இறங்கி வந்ததும் அதே பக்கம்தான், அதற்கப்புறம்தான் ரோடு ரோடு என்று எல்லாரும் அலறினார்கள். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான், ஆனால் அவன் சொல்லும்போது குளிர் அடிக்கும்.

ஒருமுறை ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னான். யாக் மேய்க்கிறவர்கள் கோடையில் மேலே ஏறித் தங்குவதற்காகக் கல்லை அடுக்கிக் கட்டினது, பனிக்காலத்தில் காலியாகக் கிடக்கும். "ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடையத் தாண்டி ஏரிமேட்டுல இருக்குது மாமா. போம்போது வரும்போது ஜீப்புல இருந்து பாக்குறதுதான், ஒரு தபாகூட ஏறிப் போனதில்ல" என்றான். சோற்றுத் தட்டில் ரசத்தை ஓடையாக ஓடவிட்டு, அப்பளத்தை உடைத்து அந்த வீட்டை வைத்துக் காட்டினான்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. வழக்கமாக ஜெசிந்தா ஜோடிக்கிற குடிலை நான் எடுத்துக்கொண்டேன். பெத்லகேம் வேண்டாம், தவாங்கில் பாலன் பிறக்கட்டும் என்றேன். முன்னறை முழுக்கக் கோணிப்பையை மைதாப் பசையில் ஊறப்போட்டு மலை எழுப்பினேன், பஞ்சு வைத்துப் பனி, கண்ணாடித் துண்டு வைத்து ஏரியும் ஓடையும், கேழ்வரகு முளைப்பாரியில் அடிவாரத்துப் புல், கலர் பேப்பரில் காற்றில் ஆடும் ஜெபக்கொடிகள். ஏரிமேட்டில் கூழாங்கல்லை ஒட்டி அந்தக் கல்வீட்டையும் கட்டினேன், அடியில் பலகை, மேலே ஓட்டுத்துண்டுக் கூரை, முன்னால் சின்னதாக ஒரு வாசல். யாக்குக்கு எங்கே போவது, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மண் எருமைகளை வாங்கித் தேங்காய் நாரை முடியாக ஒட்டினேன்.

எதிர்வீட்டு முசே சவேரி பார்க்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு முசே போடுவோம், எதையும் ஒரு குறை சொல்லாமல் போகமாட்டார்.

"வாத்தியாரே, பெத்லகேம்ல ஏதுய்யா இம்மாம் பனி? ஒட்டகத்த காணோம், எருமைய இன்னாத்துக்கு நிக்க வெச்சிருக்கற?"

"எருமை இல்ல முசே, யாக்கு."

"இன்னாவோ ஒண்ணு. பாலன் பாவம், பொறந்ததுமே சளி புடிக்கப் போவுது."

எங்கள் வீட்டுக் குடிலில் ஒரு பழக்கம் உண்டு, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஜெசிந்தா குடும்பத்தில் வருவது. மூன்று ராஜாக்களை ஆரம்பத்திலேயே கொட்டிலில் வைத்துவிடக் கூடாது. மூலையில் தூரமாக வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ராஜாக்கள் திருநாளன்றுதான் பாலனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்தப் பழக்கம்தான் அவளுக்கு யோசனை கொடுத்தது. இடையன் பொம்மை ஒன்றுக்கு நீல ஜெர்கின் வரைந்து, மீசை வைத்து, இதுதான் என் தம்பி என்று மலை ரோட்டில் நிறுத்திவிட்டாள். அவன் போன் செய்து இன்று எங்கே வேலை என்று சொல்வான், இவள் பொம்மையை அந்த இடத்துக்கு நகர்த்துவாள். அவன் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றால் பொம்மையும் அந்தப் பக்கம். போன் வராத நாளில் யாரும் தொடக் கூடாது, அதுதான் சட்டம்.

"உசுரோட இருக்கறவன குடில்ல வைக்கறியே, நல்லாவா இருக்குது?" என்று முசே கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன், எனக்கு அது நல்ல வேடிக்கை.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது, மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. வின்சென்டின் ரோடு வேலை முகாமில் சூப்பர்வைசர், பழனி, வேலூர்க்காரர். பனிச்சரிவு ஜீப்பை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். டிரைவர் தோர்ஜி வெளியே எகிறி விழுந்து, நடந்தே முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டான். வின்சென்ட் ஜீப்போடு போய்விட்டான்.

"தோண்டிக்கினுதான் இருக்கறோம் சார். எங்க பொதைஞ்சிருக்குதுன்னு புடிபடல. இங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். அக்காகிட்ட பக்குவமா சொல்லுங்க."

பக்குவமாகச் சொல்ல என்ன இருக்கிறது, என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. எழுந்து குடிலைப் பார்க்கப் போனாள், நானும் பின்னால் போனேன். மேலே ஒட்டியிருந்த பஞ்சு ஒரு திரளாகச் சரிந்து ரோட்டில் விழுந்து, பொம்மையை இடுப்புவரைக்கும் மூடியிருந்தது. பல்லி ஓடியிருக்கும், மழை ஈரத்தில் பசை விட்டிருக்கும், டிசம்பரில் எங்கள் ஊரில் எது ஒட்டி நிற்கும் என்று நான் காரணம் சொன்னேன். அவள் பஞ்சைத் தொடவும் இல்லை, என்னைத் தொடவிடவும் இல்லை. அப்போது எனக்கு என் மீதே எரிச்சலாக இருந்தது, இந்த மலையை ஏன்தான் கட்டித் தொலைத்தோமோ என்று.

மறுநாள் மதியம் வரைக்கும் பழனியிடமிருந்து அதே பதில்தான், தோண்டுகிறோம், தோண்டுகிறோம். ஜெசிந்தா கோவிலுக்குப் போய் முழந்தாளில் விழுந்து கிடந்தாள். வெளியே நல்ல மழை, கரண்ட் இல்லை, நான் மட்டும் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு புவியியல் வாத்தியாருக்கு அந்த உயரத்தில், அந்தக் குளிரில், ஒரு ராத்திரிக்கு மேல் மனுஷன் தாங்கமாட்டான் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை, சத்தமாகவே அழுதேன்.

அழுதுகொண்டே அந்தப் பொம்மையைப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் பஞ்சில் புதைந்து நிற்கிறது. எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், நான் கட்டின கல்வீடு காலியாக இருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இவனை நனையாத இடத்திலாவது வைப்போமே என்று தோன்றியது, அவ்வளவுதான், வேண்டுதலும் இல்லை மந்திரமும் இல்லை. பஞ்சுக்குள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டு அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன்.

நம்பினால் நம்புங்கள், வரவில்லை. காலடியில் பசை ஒட்டினதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, விரல் நீளப் பொம்மை கிணற்றிலிருந்து நிறைகுடம் இழுப்பதுபோல் கனத்தது. விரலில் சுரீரென்று ஒரு குளிர் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன், சட்டென்று விடுபட்டு வந்தது. ஓடையைத் தாண்டிக் கொண்டுபோய், கல்வீட்டு வாசலில் கால் முதலாகச் சாய்த்து விட்டேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. உடனே ஈரக் கம்பளியும் விறகுப்புகையும் கலந்த ஒரு வாசனை வந்தது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, கம்பளி என்பதே கிடையாது.

அப்புறம்தான் அவள் போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. போன் வராமல் தொட்டுவிட்டேன். அவள் வருவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று எடுக்கப் பார்த்தால், பொம்மை வெளியே வர மாட்டேன் என்கிறது. வீட்டையே பலகையோடு பெயர்த்துத் தலைகீழாக ஆட்டினேன். தோள் வாசலில் வந்து இடிக்கிறது, தாண்டவில்லை. வாசலைவிடத் தோள் அகலம், கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. அப்படியானால் உள்ளே எப்படிப் போயிற்று? நான் அந்தக் கல்வீட்டை மடியில் வைத்துக்கொண்டு பழனிக்கு போன் போட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசினார். "சார், இப்பத்தான் ஜீப்பு கெடைச்சிச்சி. உள்ள ஆள் இல்ல. கதவு ரெண்டும் நசுங்கி மூடிக் கெடக்குது. போத்தியிருந்த கம்பளி இன்னும் கதகதன்னு இருக்குது சார். எனக்கு ஒண்ணும் புரியல."

"ஓடைக்கு எதிர்ப்பக்கம், ஏரிமேட்டுல, யாக் மேய்க்கறவங்க கல்வீடு இருக்குது இல்ல? அதுல பாருங்க."

"அங்கியா? எங்க சார் போவான்? ஓடையில எறங்கி மேட்டுல ஏறணும். ஜீப்ப சுத்தி ஒரு காலடிகூட இல்ல, பனி அப்பிடியே மழமழன்னு கெடக்குது."

"காலடி இல்லன்னா இல்லாம போவட்டும். நீங்க போய்ப் பாருங்க!"

"உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்? நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லியே."

கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற என் வகுப்பறைக் குரலில் கத்தினேன். "யோவ், சொல்றத செய்யிய்யா! இருட்டறதுக்குள்ள போ!" அந்தப் பக்கம் யாரோ இந்தியில் ஏதோ கேட்டார்கள், பழனி பதில் சொன்னார். கேட்டது தோர்ஜி. அக்கா புருஷன் அவ்வளவு தூரத்திலிருந்து சொன்னால் காரணம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, எகிறி விழுந்ததில் கையில் போட்ட கட்டோடு அவனே முதல் ஆளாக ஓடைக்குள் இறங்கிவிட்டானாம். என்னிடம் எந்தக் காரணமும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

ஜெசிந்தா நனைந்துகொண்டு வந்தாள். ரோட்டில் பொம்மை இல்லாததைப் பார்த்தாள்.

"ஏங்க, போன் வந்துச்சா?"

"வரல."

"வராம ஏன் எடுத்தீங்க? எங்க அவன்? எங்க வெச்சீங்க?" கல்யாணமானதிலிருந்து அவள் என் சட்டையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். நான் மடியிலிருந்த வீட்டைக் காட்டினேன். அவள் குனிந்து வாசல் வழியாகப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது, அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். போன் அடித்தது. பழனிக்கு மூச்சு இரைத்தது, போன் வேறு யாருக்கோ கைமாறின சத்தம் கேட்டது.

"அக்கா" என்றான் வின்சென்ட். "கால் ஒடைஞ்சிருக்குது. வேற ஒண்ணுமில்ல. பசிக்குதுக்கா."

அவள் போட்ட கூச்சல் எங்கள் நெல்லித்தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். செருப்பில்லாமல் மழையில் தெருவுக்கு ஓடி, "எந்தம்பி இருக்கறான், எந்தம்பி இருக்கறான்" என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். முசே சவேரி கிறிஸ்துமஸுக்கென்று பூட்டி வைத்திருந்த ஒயின் பாட்டிலோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தெருப்பிள்ளைகள் வாங்கி வைத்திருந்த பட்டாசையெல்லாம் நனைய நனைய வெடித்தார்கள், பாதி புஸ்ஸென்று போனது, யாருக்கும் கவலையில்லை. நான் முசேவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினேன். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அது எங்கள் வெற்றி, எங்கள் தெருவே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆட்டம் அடங்கினதும் முசே கல்வீட்டைக் கையில் வாங்கி, ஸ்கேல் வைத்து வாசலையும் உள்ளே இடிக்கிற தோளையும் அளந்து பார்த்தார். குறை சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். வீட்டை மெதுவாக என்னிடம் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பொம்மை இன்றைக்கும் அதற்குள்ளேதான் இருக்கிறது, ஜெசிந்தா உடைக்க விடமாட்டாள்.

ஜனவரியில் வின்சென்ட் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தான். அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை, ஜெசிந்தாவையும் சொல்லவிடவில்லை, முதலில் அவன் வாயால் வரட்டும் என்று பார்த்தேன். வாத்தியார் புத்தி. அவன் சொன்னது இதுதான். "ஜீப்புக்குள்ள இடுப்பு வரைக்கும் பனி மாமா, அசைய முடியல. மறுநாள் கண்ணு சொருவ ஆரம்பிச்சிருச்சி. அப்ப ரெண்டு பக்கமும் இடுப்ப யாரோ புடிச்சாங்க. தூண் மாரி ரெண்டு, அம்மாம் பெருசு, ஆனா சூடு. மொதல்ல இழுத்துப் பாத்துட்டு உட்டுட்டாங்கன்னு நெனச்சேன், அப்புறம் வெடுக்குன்னு தூக்குனாங்க. கண்ண தொறந்தா கல்வீட்டுக்குள்ள கெடக்கறேன். மூலையில மேய்க்கறவங்க உட்டுட்டுப்போன கம்பளி, வெறகு. மயக்கத்துல கனா கண்டிருப்பேன், இல்ல?"

"இருக்கும்" என்றேன். ஜெசிந்தா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதற்கும்கூட நான் காரணம் சொல்லப் பார்த்தேன். அவனே எப்படியோ வெளியே வந்து தவழ்ந்து போயிருப்பான், புதுப்பனி விழுந்து தடத்தை மூடியிருக்கும், ரசமும் அப்பளமுமாக அவன் அன்று சொன்னது என் மனசில் கிடந்து எனக்கு அந்த வீட்டைக் காட்டியிருக்கும். வாசல் மழை ஈரத்தில் சுருங்கியிருக்கும். கல் சுருங்குமா என்று கேட்காதீர்கள், அப்போது அப்படித்தான் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் என் வலதுகை விரல் இரண்டில் ஒரு தொந்தரவு இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் நுனி வெள்ளையாகிக் கொப்புளம் கிளம்பினது, பசையும் பெயின்ட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். பொங்கல் வருவதற்குள் தோல் கறுத்துக் காய்ந்துவிட்டது. ஜெசிந்தா தொல்லை பொறுக்காமல் எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் ஒரு டாக்டரிடம் போனேன், ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். விரலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த பார்டர்ல இருந்தீங்க?"

"நெல்லித்தோப்பு சார். வாத்தியார் வேல."

"வெளையாடாதீங்க. இது பனிக்கடி. நான் சியாச்சின்ல எத்தினி பேருக்குப் பாத்திருக்கறேன்." மறுபடியும் உற்றுப் பார்த்தார். "ஆனா வழக்கமா எல்லா வெரலும் போவும். உங்களுக்கு கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் மட்டும்தான் போயிருக்குது, அதுவும் உள்பக்கமா. க்ளவுஸ் இல்லாம பனிக்குள்ள கைய உட்டு யாரையாச்சும் புடிச்சித் தூக்குனீங்களா?"

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்து ஊற்றியது.

"ஆமா டாக்டர்" என்றேன். "எம் மச்சான."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மருந்து எழுதினார். தோல் ஆறிவிட்டது, ஆனால் அந்த இரண்டு விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவே இல்லை. இன்றைக்கும் வகுப்பில் சாக்பீஸை எடுத்தால், கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் வின்சென்டுக்குப் பிற்பாடு பிறந்த மகள் வந்து அந்த விரல்களைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பாள், அவள் பிடித்திருப்பதும் எனக்குத் தெரியாது, குனிந்து பார்த்துக்கொள்வேன்.